அபர்தீன் போர்: பெயர் எழுதப்படாத தலைவர்கள்

1859 மே மாதம். அந்தமானில் ஆங்கிலேயர்கள் புதிதாகத் தொடங்கியிருந்த கைதிகள் முகாமுக்குள் காட்டிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். பெயர் துத்நாத் திவாரி. ஓராண்டுக்கு மேல் காட்டுக்குள் பழங்குடியினரோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பியிருந்தான். அவன் கொண்டுவந்த செய்தி ஒன்றே ஒன்றுதான்: அந்தமானியர் பெரும் படையாகத் திரண்டு அபர்தீன் முகாமைத் தாக்க வருகிறார்கள்.

முகாமின் கண்காணிப்பாளர் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் உடனே காவலைப் பலப்படுத்தினார். கடற்படைக் காவலர்கள் துப்பாக்கிகளோடு தயாராக நின்றார்கள். ராஸ் தீவுக்கும் அபர்தீன் கரைக்கும் இடையில் 'சார்லட்' என்ற பாய்மரக் கப்பல் நிறுத்தப்பட்டது. வில்லும் அம்பும் ஏந்தி வந்தவர்கள் எதிர்பாராத இடத்தில் துப்பாக்கிக் குண்டுகளைச் சந்தித்தார்கள். ஆனாலும் அவர்கள் உடனே சிதறி ஓடிவிடவில்லை. கப்பலிலிருந்து வந்த தாக்குதலையும் தாங்கிக்கொண்டு முன்னேறி, முகாமைக் கைப்பற்றி, அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். கையில் கிடைத்த இரும்புக் கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். மீண்டும் திரண்ட காவல் படை சுட்டபோதுதான் பின்வாங்கினார்கள்.

இதுதான் அபர்தீன் போர். அந்தமான் மண்ணில் அந்நிய ஆட்சிக்கு எதிராக நடந்த மிகப்பெரிய நேரடி மோதல் இதுவே. தமிழ்நாட்டில் அந்தமான் என்றதும் பலருக்கும் செல்லுலார் சிறை நினைவுக்கு வரும். 1996-இல் வந்த 'சிறைச்சாலை' படம் கண்முன் ஓடும். அந்தச் சிறையின் கட்டுமானம் தொடங்கியது 1896-இல். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவின் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போரிட்டு மடிந்திருக்கிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் அவர்களுக்கு ஒரு பத்திகூடக் கிடைத்ததில்லை என்பது வருத்தமான உண்மை.

போருக்கான காரணத்தைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்ற கடற்படை அதிகாரி சாத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். பிறகு அது வடக்கே மாற்றப்பட்டு, நோயால் பலர் இறந்ததால் 1796-இல் கைவிடப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகள் தீவு தன் மக்களிடமே இருந்தது. 1857 எழுச்சி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பிடிபட்ட சிப்பாய்களை எங்கே அடைப்பது என்ற கேள்வி எழுந்ததும் ஆங்கிலேயரின் பார்வை மீண்டும் அந்தமான் பக்கம் திரும்பியது. இடம் பார்க்க டாக்டர் மௌவாட் தலைமையில் ஒரு குழு வந்தது. போகும்போது அந்தக் குழு ஓர் அந்தமானியரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது. 'ஜாக்' என்று பெயர் வைத்து வேடிக்கைப் பொருளாக்கி, அவர் நோயில் விழுந்த பிறகே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். புதியவர்களைப் பற்றித் தீவுக்காரர்களுக்குக் கிடைத்த முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

1858 மார்ச் 10 அன்று வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். தீவாந்திர தண்டனை பெற்ற அந்தக் கைதிகளுக்குக் கிடைத்த முதல் வேலை காடு வெட்டுவது. சாத்தம், ராஸ் தீவுகளில் தொடங்கிய கோடரிச் சத்தம் அட்லாண்டா முனை, ஹாடோ என்று பெரிய தீவின் கரையோரமாகப் பரவியது. அந்தமானியருக்கு அந்தக் காடுதான் உணவு, குடிநீர், குடியிருப்பு எல்லாம். காட்டுப்பன்றியும் தேனும் கிழங்கும் கிடைக்கும் இடமும், படகு குடையும் மரமும், முன்னோரின் முகாம்களும் நாள்தோறும் அவர்கள் கண்முன்னே சுருங்கின.

1859 ஏப்ரல் 6 அன்று ஹாடோவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த கைதிகளைச் சுமார் 200 பேர் தாக்கினார்கள். எட்டு நாள் கழித்து ஏப்ரல் 14 அன்று வந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் என்கிறது அன்றைய கணக்கு. அச்சத்தில் கூட்டிச் சொன்ன எண்ணாகவும் அது இருக்கலாம். ஆனால், இந்த இரண்டாவது தாக்குதலைப் பற்றி, பின்னாளில் அந்தமானியருக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மேன் எழுதிவைத்த வரலாற்றில் ஒரு குறிப்பு உண்டு. காலில் இரும்பு வளையம் பூட்டிய கைதிகளைத் தாக்க அந்தமானியர் விரும்பவில்லை; அவர்களை அழைத்துத் தங்களோடு ஆடச் சொன்னார்கள். அவர்கள் தேடிப் பிடித்துத் தாக்கியவர்கள், சிவப்புத் தலைப்பாகையும் பட்டையும் அணிந்து மற்றக் கைதிகளை வேலைவாங்கிய மேற்பார்வைக் கைதிகள். யார் கட்டாயத்தால் மரம் வெட்டுகிறார், யார் அதிகாரத்தால் வெட்டவைக்கிறார் என்பதை அவர்கள் மறைந்திருந்து கவனித்து வைத்திருக்கிறார்கள். இவர்களைத்தான் அன்றைய அரசுக் குறிப்புகள் வெறும் 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதின.

திவாரியின் கதை தனி. பதினான்காம் காலாட்படைப் பிரிவின் சிப்பாயாக இருந்து 1857 எழுச்சியில் சேர்ந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவன். 1858 ஏப்ரலில் அந்தமானுக்கு வந்தான். சில வாரங்களுக்குள் தொண்ணூறு பேர் கொண்ட ஒரு கூட்டத்தோடு கட்டுமரம் கட்டித் தப்பினான். பர்மா கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிப் புறப்பட்டவர்கள் காட்டில் பசியாலும் அம்புகளாலும் மடிந்தார்கள். அம்புக் காயத்தோடு கிடந்த திவாரியை அந்தமானியர் கொல்லாமல் விட்டார்கள். பச்சிலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். லிபா, ஜிகா என்ற இரு பெண்களை மணமுடித்தும் வைத்தார்கள். ஓராண்டுக்குப் பின் அவர்களுடைய போர்த்திட்டத்தை எதிரியிடம் சொன்னவனும் அவன்தான். அதற்குப் பரிசாக 1860-இல் மன்னிப்பு கிடைத்து இந்தியாவுக்குத் திரும்பினான். லிபாவும் ஜிகாவும் தீவிலேயே கைவிடப்பட்டார்கள்.

திவாரியைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவனைப் போலவே ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறைப்பட்டவர்கள். அவர்களைக் காப்பாற்ற நினைத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால், தப்பி ஓடிப் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகளை ஒரே நாளில் தூக்கில் போட்டவர் வாக்கர். அப்படிப்பட்டவரிடம் திரும்பி வந்தவனுக்குக் கையில் ஒரு பெரிய செய்தி இல்லாமல் உயிர்ப்பிச்சை கிடைத்திருக்காது. அடிமைப்பட்ட இரு கூட்டத்தாரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவரைக் கொண்டு மற்றவரின் காட்டை வெட்டவைத்ததுதான் அங்கே நடந்த ஆட்சியின் சூத்திரம். திவாரி அந்தச் சூத்திரத்துக்குள் சிக்கிய ஒருவன் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

வாக்கரின் பெயர் தெரிகிறது, திவாரியின் பெயர் தெரிகிறது, கப்பலின் பெயர்கூடத் தெரிகிறது. ஆனால், நூற்றுக்கணக்கான வில்லாளிகளைத் திரட்டி, நாள் குறித்து, வழி வகுத்துக் கொண்டுவந்த அந்தமானியத் தலைவர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை. மாண்டவர்களின் துல்லியமான கணக்கும் எழுதப்படவில்லை. எழுத்தில்லாத மக்களைப் பற்றி எழுதும் வேலை முழுக்க எதிரியின் கையில் இருந்தது. இன்று அங்கே மெரினா பூங்கா அருகே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் மே 17 அன்று நிர்வாகம் அங்கே மலர்வளையம் வைக்கிறது.

சண்டை அபர்தீனோடு ஓய்ந்துவிடவில்லை. 1867-இல் 'அசாம் வேலி' என்ற கப்பலின் தலைவரும் மாலுமிகள் சிலரும் லிட்டில் அந்தமானில் இறங்கித் திரும்பாமல் போனார்கள். அது ஓங்கே மக்களின் தீவு. அங்கே அனுப்பப்பட்ட படை அம்புகளுக்கும் அலைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கரையில் சிக்கிய வீரர்களைக் கொந்தளிக்கும் கடலில் படகு செலுத்தி மீட்ட ஐந்து பேருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது அது. ஓங்கே தரப்பில் செத்தவர்களுக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை.

கைதிகளின் பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. 1872 பிப்ரவரி 8 மாலை, ஹோப்டவுன் படகுத்துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான். ஷேர் அலியை அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். 1933-இல் செல்லுலார் சிறையில் நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் உயிர்விட்டார்கள். 1943 டிசம்பர் 30 அன்று, ஜப்பானியர் பிடியில் இருந்த போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றினார். அவருடைய அரசின் சார்பில் தீவுகளுக்குத் தலைமை ஏற்று வந்தவர் ஏ.டி. லோகநாதன் என்ற தமிழர். ஆனால் உண்மையான அதிகாரத்தை ஜப்பானியக் கடற்படை விட்டுக்கொடுக்கவில்லை. 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரை உளவாளிகள் என்று குற்றம்சாட்டி ஜப்பானியர் சுட்டுக்கொன்றார்கள்.

தமிழர்களுக்கு இந்தத் தீவுகளோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1857 எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்த மதராஸ் படைத் தளபதி ஜேம்ஸ் நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927-இல் அதை அகற்றக் கோரிச் சோமயாஜுலு உள்ளிட்டோர் சத்தியாகிரகம் நடத்திச் சிறை சென்றார்கள். இளைஞரான காமராஜரும் அந்தப் போராட்டத்தில் முன்னின்றார். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அந்தச் சிலையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அதே நீலின் பெயரில் அந்தமானில் ஒரு தீவு இருந்தது. அது 2018-இல்தான் ஷஹீத் தீவு என்று மாறியது. பக்கத்திலிருந்த ஹேவ்லாக் தீவு அன்றே ஸ்வராஜ் தீவு ஆனது. மாற்றம் சரியானதே. ஆனால் புதிய பெயர்களிலும் அந்தமானிய மொழியின் ஒரு சொல்கூட இடம்பெறவில்லை.

போரில் தோற்றதைவிடப் பின்னால் வந்த சமாதானம்தான் அந்தமானியரை அழித்தது. 1863-இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. பழங்குடியினரைப் பழக்கப்படுத்தி வைத்துக்கொள்ளும் இடம் அது. புகையிலையும் மதுவும் அவர்களிடம் பரவின. பால்வினை நோய் வந்தது. 1877-இல் தட்டம்மை ஊர் ஊராகக் கொன்றது. குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த, அபர்தீனில் போரிட்ட கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். எஞ்சியவர்களை அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. அவர்களுடைய 'போ' மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010-இல் மறைந்தார்.

தீவுகளின் மற்றப் பழங்குடியினரான ஜாரவா மக்களும் சென்டினலியரும் இந்தச் சமாதானத்துக்குள் வரவில்லை. ஜாரவாக்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வில்லைக் கீழே வைக்கவில்லை. தங்கள் காட்டை ஊடறுத்துச் சாலை போட்டவர்களையும் எதிர்த்தார்கள். 1997-க்குப் பிறகே வெளியாரோடு பேசத் தொடங்கினார்கள். அந்தச் சாலையை அவர்களின் காட்டுப் பகுதியில் மூடும்படி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர், கிரேட் அந்தமானியர் 44 பேர். சென்டினல் தீவில் கணக்கெடுப்பாளர்களால் இறங்க முடியவில்லை. படகில் நின்றபடி கண்ணில் பட்டவர்களை எண்ணி, 15 என்று எழுதிக்கொண்டு திரும்பினார்கள்.