இருமுறை பதின்மூன்று நாள்கள்

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 'இடைக்காலப் பிரதமர்' என்றொரு பதவி இல்லை. குடியரசுத் தலைவர் மறைந்தால் துணைத் தலைவர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்று தெளிவுறக் கூறும் அச்சட்டம், பிரதமர் மறைந்தால் செய்ய வேண்டுவது யாது என்பது பற்றி ஏதும் கூறவில்லை. 1964 மே 27 அன்று நேரு மறைந்தபோது அக்குறை முதன்முதலாக உணரப்பட்டது. அமைச்சரவையோ பிரதமரைச் சார்ந்தே நிற்பது; ஆகவே ஒருநாளும் அவ்விடம் வெறுமையாக இருத்தல் கூடாது. குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன், அமைச்சருள் மூத்தவரும் உள்துறைப் பொறுப்பினருமாகிய குல்சாரிலால் நந்தாவை அன்றே பிரதமராகப் பதவியேற்கச் செய்தார்.

யார் இந்த நந்தா? 1898இல் சியால்கோட்டில் பிறந்தவர், பொருளியல் பேராசிரியர். ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்து, 1922 முதல் 1946 வரை அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக விளங்கினார். பின்னர்த் திட்டக்குழுவின் துணைத்தலைவரும் ஆனார். மேடைப் பேச்சால் அன்றி, கூலிக் கணக்கையும் வழக்குத் தாள்களையும் புரட்டி வளர்ந்த அரசியல் அவருடையது எனலாம்.

1964இல் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசர், உறுப்பினர்தம் கருத்தைக் கேட்டறிந்து லால்பகதூர் சாஸ்திரியை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். ஜூன் 9இல் நந்தா விலகினார். 1966 ஜனவரி 10இல் தாஷ்கண்டில் அயூப்கானுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட சாஸ்திரி, அன்றிரவே, சில மணி நேரத்தில் உயிர்நீத்தார். மீண்டும் நந்தாவே அழைக்கப்பட்டார்.

இம்முறை நிலைமை வேறு. கட்சிக்குள் போட்டி மூண்டது. பிரதமர் இருக்கையும், காவல்துறையை ஆளும் உள்துறையும் நந்தாவின் கையில் இருந்தன. எதிரே ஒப்பமிட்ட அயூப்கானோ 1958இல் படைவலியால் ஆட்சியைக் கைக்கொண்டவர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே நாடாளுமன்றக் கட்சி வாக்களித்தது: இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. ஜனவரி 24இல் நந்தா பிரதமர் பொறுப்பை ஒப்படைத்து, இந்திராவின் கீழ் உள்துறை அமைச்சராகவே தொடர்ந்தார். முன்னவரினும் இளையவர் ஒருவரின் அமைச்சரவையில் அமர அவர் நாணவில்லை என்பதே எமக்கு வியப்பளிக்கின்றது.

அவ்வாண்டு நவம்பர் 7இல் பசுவதைத் தடை கோரிய கூட்டம் நாடாளுமன்றத்தருகே வன்முறையில் இறங்கியதைத் தொடர்ந்து அவர் பதவி துறந்தார். 1970இல் சிறிது காலம் இரயில்வே அமைச்சரானார். 1997இல் பாரத ரத்னா வழங்கப்பெற்றது. மறு ஆண்டு ஜனவரி 15இல், தாம் தொழிலாளர் பணியாற்றிய அதே அகமதாபாத்தில் காலமானார்.