புகை இல்லாவிட்டால் நெருப்பும் இல்லையா?

மாலையில் செர்காம் கடலோரம் போனால், மீன் சுடும் கடைகளிலிருந்து புகை எழும். புகையைக் கண்டதுமே நெருப்பு எரிவது தெரிந்துவிடும். அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவைப் பாடம் சொன்னபோது எடுத்துக்காட்டியதும் இதே புகையும் நெருப்பும்தான். இன்று நம் பிள்ளைகள் படிவம் 4 கணிதத்தில் ‘பெனாஆகுலான் லோஜிக்’ என்ற பெயரில் படிப்பதும் இந்த வகைப் பாடமே.

‘புகை இருந்தால் நெருப்பு இருக்கும்.’ இந்த ஒரு கூற்றை மூன்று விதமாக மாற்றலாம்.

‘நெருப்பு இருந்தால் புகை இருக்கும்’ என்பது மறுதலை; மலாய்மொழியில் அக்காஸ். வீட்டு கேஸ் அடுப்பைப் பாருங்கள். நெருப்பு உண்டு, புகை இல்லை. எனவே இது தவறு.

‘புகை இல்லையென்றால் நெருப்பு இல்லை’ என்பது எதிர்மறை, சொங்சாங்ஙான். அதே கேஸ் அடுப்பு இதையும் பொய்யாக்கிவிடும்.

‘நெருப்பு இல்லையென்றால் புகை இல்லை’ என்பது நேர்மாறு, கொந்திராபொசித்திஃப். முதல் கூற்று உண்மையானால் இதுவும் உண்மை. மூன்றில் இது ஒன்றை மட்டுமே கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இது தேர்வுக்கு மட்டுமான பாடமல்ல. எஸ்பிஎம் தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெற்றால் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. இதைக் கேட்ட வீட்டில், ‘நம் பிள்ளைக்கு ஏழு ஏதானே, இனி எங்கே கிடைக்கப் போகிறது?’ என்று யாராவது சொல்லக்கூடும். அது எதிர்மறை. அறிவிப்பு அப்படிச் சொல்லவே இல்லை. 10ஏ இல்லாதவர்களுக்கு இடம் ‘உறுதி’ இல்லை, அவ்வளவுதான். அவர்களும் தகுதியைப் பார்த்து விண்ணப்பிக்கலாம், இடமும் கிடைக்கலாம். விண்ணப்பிக்காமல் தேதியைத் தவறவிட்டால், கதவை மூடியவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

‘இருந்தால்’ என்பதற்கு முன்னால் உள்ள சொல்லும் தெளிவாக இருக்க வேண்டும். ஏ மைனஸும் அந்தப் பத்தில் சேருமா என்ற சர்ச்சை 2025இல் எழுந்தது இதனால்தான்.

அடுத்த முறை ஓர் அறிவிப்பைப் படிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘இதில் சொன்னது எது, நாமாகச் சேர்த்துக்கொண்டது எது?’ என்று கேளுங்கள். படிவம் 4 கணக்கு வீட்டுக்கும் உதவும்.