வளையல் போடாத கை

புதுச்சேரியில் கடற்கரைக்குப் போகும் தாய்மார்களில், வழியில் மணக்குள விநாயகரைக் கும்பிடாமல் போகிறவர்கள் எத்தனை பேர்? கும்பிட்டால் பிரசாதம் உண்டு. சிறுநீரகம் கெட்டுவிட்ட பெண்ணுக்கு முதல் சோதனை அங்கேதான் ஆரம்பம்!

வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் என்ற உப்பு மிகுதி. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இருதயமே நின்றுவிடக்கூடும். தண்ணீரும் அளந்துதான். வெள்ளிக்கிழமை விரதத்தை இளநீரோடு முடித்தவள் இனி என்ன செய்வாள்? "சாமி பிரசாதம் என்ன செய்துவிடும்?" என்று மாமியார் நீட்டும்போது, மறுப்பது நோயைவிடக் கஷ்டம்.

டயாலிசிஸ் என்ற ரத்த சுத்திகரிப்பு பெரும்பாலும் வாரம் மூன்று தடவை; ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணி நேரம். அதற்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து வைக்கிறார்கள். அந்தக் கையால் குடம் தூக்கலாகாது. இறுக்கமான வளையலும் ஆகாது. ஆடிப்பூரத்தன்று அம்மன் சந்நிதியில் எல்லாரும் வளையல் வாங்கிப் போட்டுக்கொள்ள, ஒரு கையை மட்டும் முந்தானைக்குள் மறைத்து நிற்பதென்றால்! ஆண் வைத்தியர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். பெண்ணுக்கு அப்படியல்ல.

"நான் என்ன பாவம் செய்தேன்?" என்று ஆரம்பத்தில் அழாதவர்கள் குறைவு. வில்லியனூர் மாதா கோயிலுக்கும் நேர்ந்துகொள்வார்கள். நாளாக ஆக வேண்டுதல் மாறுகிறது. 'நோயை எடுத்துவிடு' என்பது போய், 'இன்றையப் பொழுதைத் தாங்கவை' என்றாகிறது. அந்த பக்தி மருந்துக்குத் துணை. "சாமி பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டாலோ, உயிருக்கே ஆபத்து! தூக்கமில்லாத மனச்சோர்வையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு.

ஒரு வேடிக்கை. 1945ல் ஹாலந்தில் டாக்டர் கோல்ஃபின் எந்திரத்தால் முதன்முதலில் உயிர் பிழைத்தவர் 67 வயதுப் பெண்மணி! நம் நாட்டிலோ, 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் பெண்கள் பெற்றவை 6,945தான். சிறுநீரகத்தைக் கொடுப்பவர்களில் மட்டும் மனைவியும் தாயும் முந்துகிறார்கள். வீட்டு ஆண்கள் சற்று யோசிக்கட்டும்.

காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பது நம் வழக்கம். இப்பெண்கள் வளையல் போடாத கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். குழாய் அடைபடாமல் ரத்தம் ஓடினால், விரலுக்கடியில் கிறுகிறுவென்று ஓர் அதிர்வு தெரியும். அது தெரிந்த பிறகுதான் எழுந்து விளக்கேற்றுகிறார்கள்.