தாத்தாவின் இரண்டு இழுப்புகள்

செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் வார் வெட்டத் தோலை விரித்தார். நீளவாக்கில் ஒரு இழுப்பு, குறுக்குவாக்கில் ஒரு இழுப்பு. பிறகு மாட்டின் முதுகெலும்பு ஓடிய திசையிலேயே கத்தியை வைத்தார்.

"குறுக்க வெட்டுனா துண்டு மிச்சமாகுமே தாத்தா?" என்றான் பிளஸ் 1 படிக்கும் பேரன்.

"மிச்சமாகும்யா. ஆனா வாரு நாலு நாள்ல நீண்டு தொங்கிரும்."

பேரனின் பாடநூலில் ஹூக் விதி இருக்கிறது. விசைக்கு ஏற்ற நீட்சி என்று 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்டது. எஃகுக் கம்பிக்கு அது எளிது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே விறைப்பு. இரண்டு எண்கள் போதும். தோல் அப்படியல்ல. அதன் நார்கள் ஒரு திசையில் கூடுதலாகப் படுத்திருக்கின்றன. அந்தத் திசையில் விறைப்பு அதிகம், குறுக்கே இளகும்.

இதைக் கணக்கில் எழுத, தோலை ஒரு தகடாகக் கொண்டால் நான்கு எண்கள் வேண்டும். நீளவாக்கு விறைப்பு, குறுக்குவாக்கு விறைப்பு, ஒருபக்கம் இழுத்தால் மறுபக்கம் எவ்வளவு ஒடுங்கும், சதுரம் எவ்வளவு எளிதில் சாயும். பெரியவரின் இரண்டு இழுப்புகள் முதல் இரண்டையும் தொட்டுவிட்டன. ஆய்வகங்களிலும் முதுகெலும்புக்கு இணையாக ஒரு துண்டு, குறுக்காக ஒரு துண்டு வெட்டித்தான் தோலைச் சோதிக்கிறார்கள். கார்பன் இழையால் ஆன விமான இறக்கைத் தகட்டுக்கும் இதே கணக்குதான்.

மூன்று பரிமாணத்தில் மரத்துக்கு 9 எண்கள். எந்தச் சீரும் இல்லாத பொருளுக்கு ஆறுக்கு ஆறு அணியில் 36 வரவேண்டும். சேமிக்கப்படும் ஆற்றலைக் கொண்டு அது 21ஆகக் குறையும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கிரீன். ரொட்டி சுடுபவரின் மகன். சுமார் ஓராண்டே பள்ளிக்குப் போனவர். காற்றாலையில் மாவரைத்தபடி தானே கணிதம் கற்றவர். 1833இல், 40 வயதில், கேம்பிரிட்ஜ் மாணவரானார். தந்தை விட்டுச்சென்ற சொத்து அதற்குக் கைகொடுத்தது. பிறப்பைச் சொல்லி வாசலில் நிறுத்துவாரும் இல்லை.

நம் பெரியவருக்குச் சொத்தும் இல்லை, வாசலும் திறக்கவில்லை. வியன்னாவின் கார்ல் லாங்கர் 1861இல் உருண்டைமுனை ஊசியால் சடலங்களின் தோலில் குத்தினார். துளை வட்டமாக இல்லாமல் நீளமாக விரிந்ததைக் கண்டு கோடுகள் வரைந்தார். அறுவை மருத்துவத்தில் அவை இன்றும் லாங்கர் கோடுகள். குத்தூசியோடு தலைமுறை தலைமுறையாகத் தோலைப் படித்தவர்களுக்கு இங்கே கிடைத்தது சாதிப்பெயர் மட்டுமே.

இதற்காகப் பேரன் அதே திண்ணையில் உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. அது சாதி சுமத்திய தொழில். விட்டு வெளியேறுவது அவன் உரிமை. ஆனால் நாளை கல்லூரியில் ஆறுக்கு ஆறு அணியைக் கரும்பலகையில் பார்க்கும்போது, இது தனக்கு அந்நியமான பாடம் என்று அவன் ஒதுங்கக் கூடாது. அதன் முதல் இரண்டு எண்களை அவன் வீட்டிலேயே பார்த்திருக்கிறான்.