ஊசிக்குப் பழி, கிரைப் வாட்டருக்குப் புகழ்: ஆறாம் வாரத்து அந்தி அழுகை

அடுத்த புதன்கிழமை, ஆறு வாரக் குழந்தைக்குப் பென்டாவேலண்ட் தடுப்பூசியின் முதல் தவணை. அதைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டு சங்கராபுரம், சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஊசியைப் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது, மீதியெல்லாம் அழுகை. விளக்கு வைக்கிற நேரத்தில் தொடங்கி எட்டு, ஒன்பது மணி வரை குழந்தை வீறிடுகிறது. கால்களை வயிற்றோடு மடக்குகிறது, முகம் சிவக்கிறது, பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி அலறுகிறது. ‘இப்படி அழுவுற புள்ளைக்கு ஊசி வேற போடணுமா?’ என்பது ஒரு தரப்பு. மூத்த பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகுதான் இந்த அழுகை வந்தது, அதனால் இளையவனுக்கு வேண்டாம் என்பது இன்னொரு தரப்பு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடுங்கள், தள்ளாதீர்கள். அந்த ஊசி தடுக்கும் ஐந்து நோய்களில் ஒன்று கக்குவான் இருமல். அது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சில மாதக் குழந்தைகளைத்தான். பசிக்கும் ஈரத்துக்கும் எறும்புக் கடிக்கும் குழந்தை அழும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவை எதுவும் இல்லாமல் தினமும் ஒரே நேரத்தில் வரும் அழுகைதான் குழப்புகிறது.

மருத்துவர்கள் இதற்குக் கோலிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1954இல் அமெரிக்க மருத்துவர் வெசல் வகுத்த கணக்கு இது: நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக். எதனால் அழுகிறது என்பதற்கு இதில் ஒரு சொல்லும் இல்லை. நேரத்தை அளந்து பெயர் சூட்டியதோடு சரி. 2016இல் வந்த ரோம் 4 அளவுகோல் இந்த மூன்றுகளை மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஆகவே சீட்டில் ‘கோலிக்’ என்று எழுதித் தந்தால், நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். குழந்தை நிறைய அழுகிறது என்று நீங்கள் சொன்னதையே மருத்துவர் திருப்பி எழுதியிருக்கிறார்.

1962இல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களிடம் குறித்து வைக்கச் சொன்னார். வாரத்துக்கு வாரம் ஏறிய அழுகை ஆறாம் வாரத்தில் நாளுக்கு 2¾ மணி நேரத்தைத் தொட்டது, பிறகு இறங்கியது. பெரும்பகுதி மாலையில்தான். இவை ஆரோக்கியமான குழந்தைகள். 2017இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த வோல்க்கெ குழுவின் ஆய்வில் ஆறாம் வாரத்துச் சிகரம் அவ்வளவு கூர்மையாக இல்லை. முதல் ஆறு வாரமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அதன் பிறகு சரிவு, பத்து-பன்னிரண்டாம் வாரத்தில் சுமார் 68 நிமிடம். ஆப்பிரிக்காவின் கலகாரியில், நாள் முழுக்கத் தாயின் உடம்போடு ஒட்டியிருந்து கேட்டபோதெல்லாம் பால் குடிக்கும் குங் சான் குழந்தைகளிடமும் இதே ஏற்ற இறக்கம் இருந்தது. அழுத மொத்த நேரம் மட்டும் குறைவு. சிகரத்தைப் பற்றிய சண்டை ஆய்வாளர்களுக்கு. நமக்கு வேண்டியது, ஆறாம் வாரத்துக்குப் பிறகு அழுகை தானாகவே இறங்குகிறது என்பது.

இந்த ஒரு வளைவுதான் நம் ஊரின் பாதி வைத்தியத்தை வாழவைக்கிறது. அழுகை மிகுந்து வீடே தூக்கமிழந்த வாரத்தில்தானே மருந்து தேடுவோம்? அந்த வாரம் எதைக் கொடுத்தாலும் அடுத்த வாரம் அழுகை குறையும். ஓம நீர், கிரைப் வாட்டர், திருஷ்டி சுற்றிய மிளகாய், பட்சி தோஷத்துக்குக் கட்டிய கயிறு, உரம் விழுந்ததென்று புடவையில் போட்டு உருட்டியது, தனியார் கிளினிக்கில் எழுதித் தந்த சொட்டு மருந்து எல்லாம் ‘கேட்கும்’. சேவல் கூவியா பொழுது விடிகிறது? அதே கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடுகிறது. முதல் பென்டாவேலண்ட் ஊசி சரியாக ஆறாம் வாரத்தில் வருகிறது. ஏற்கெனவே ஏறி நிற்கும் அழுகைக்குப் பக்கத்தில் கண்ணில் படும் பெரிய சம்பவம் அதுதான் என்பதால் பழி அதன் தலையில் விழுகிறது.

ஊசிக்கும் அழுகைக்கும் தொடர்பே இல்லை என்று அரசு சுவரொட்டி பாணியில் சொல்லிவிட முடியாது. நம் நாட்டு பென்டாவேலண்டில் முழுச் செல் கக்குவான் தடுப்பு மருந்து இருக்கிறது. காய்ச்சலும் தொடை வீக்கமும் வரலாம். சில குழந்தைகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழலாம். ஆனால் அது ஊசி போட்ட அன்றும் மறுநாளும் வந்து ஓய்ந்துவிடும். ஊசிக்கு முன்பே தொடங்கி, தினமும் பொழுது சாயும்போது வருவது வேறு. இதைப் பிரித்தறிய எளிய வழி, ஐந்தாம் வாரத்திலிருந்தே எத்தனை மணிக்கு அழுகிறது என்று காலண்டரில் குறித்து வைப்பது.

கிரைப் வாட்டரின் கதை 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு என்ற மருந்துக்காரரிடம் தொடங்குகிறது. சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் கொடுத்து வந்த மருந்தைப் பார்த்து அவர் உருவாக்கியது. சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீத ஆல்கஹால். குழந்தை ஏன் அமைதியானது என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ஆல்கஹால் அதிலிருந்து போனது 1990களில்தான். தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று தலைமுறை தலைமுறையாகப் பரிந்துரைப்பதாகக் காட்டும் தொலைக்காட்சி விளம்பரம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாலு தலைமுறைக்கும் மூன்று மாதத்தில் அழுகை நின்றிருக்கும், பாட்டில் திறந்தாலும் திறக்காவிட்டாலும். வாயுவுக்கென்று எழுதப்படும் சைமெத்திகோன் சொட்டு மருந்தும் வெறும் சொட்டோடு வைத்து ஒப்பிட்ட சோதனைகளில் மேலாகத் தெரியவில்லை.

கடிதம் வந்த இந்த ஊர்களை ஒட்டிய கல்வராயன் மலையில், சாதாரண அழுகை எது, ஆபத்து எது என்ற குழப்பத்துக்கு விலை அதிகம். வெள்ளிமலை, கரியாலூரைச் சுற்றிய குக்கிராமங்களில், இது சாதாரண அழுகையா ஆபத்தா என்று கேட்பதற்கே மலையிறங்க வேண்டி வரலாம். 2024இல் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் அடிப்படை வசதிகளைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கே வரும் சேவையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆஷா சுகாதார ஊழியர்கள் பெரும்பாலும் இத்தகைய மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். 2011இல் தொடங்கிய தேசியத் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா ஊழியர் பார்க்க வேண்டும். அதற்கு 250 ரூபாய். பிறப்பு எடை, பிறப்புப் பதிவு, முதல் தடுப்பூசிகள், தாயும் சேயும் நலம் என்ற கட்டங்கள் நிரம்பினால் பணம்.

42ஆம் நாள் என்பது ஆறு வாரம். வீட்டு வருகை அத்தோடு முடிகிறது. 2018இல் சேர்த்த அடுத்த வரிசையின் முதல் வருகை மூன்றாம் மாதத்தில். அழுகை உச்சத்தில் இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, அது ஓய்ந்த பிறகு வந்து தட்டுகிறது திட்டம். பத்தாம் வார ஊசிக்குத் தாய் எப்படியும் வருவாரே என்பார்கள் அதிகாரிகள். ஊசி வரிசையில் நின்றுகொண்டு மாலை அழுகையைப் பற்றி எவ்வளவு பேச முடியும்? படிவத்தில் இன்னொரு வேடிக்கை. அழுகை பலவீனமாக இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று கேட்கிறார்கள், சரியான கேள்வி. விடாமல் அழுகிறதா என்பதையோ, பால் போதவில்லை என்பதன் அடையாளமாக மட்டுமே கேட்கிறார்கள். தொற்று நோய்ச் சாவைத் தடுக்க எழுதிய படிவம் அது. தூக்கமிழந்த தாயைப் பார்க்க எழுதியதல்ல.

அமைதிப்படுத்த என்ன செய்வது? 1986இல் கனடாவில் ஹன்சிகரும் பாரும் 99 தாய்-சேய் ஜோடிகளை வைத்து நடத்திய சோதனையில், மூன்றாம் வாரத்திலிருந்தே, அழாதபோதும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன, மாலையில் 51 சதவீதம். பிறகு இங்கிலாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏற்கெனவே கடுமையாக அழும் குழந்தைகளிடமும் பெரிய மாற்றமில்லை. ‘தூக்கித் தூக்கிப் பழக்காதே’ என்பதற்கு இந்த வயதில் ஆதாரமில்லை, தூக்கினால் நிச்சயம் நிற்கும் என்பதற்கும் இல்லை. 2022இல் ஜப்பானின் குமி குரோடா குழு 21 குழந்தைகளிடம் பார்த்தது எனக்குப் பிடித்தது. உட்கார்ந்து வைத்திருந்தால் அழுகை குறையவில்லை. ஐந்து நிமிடம் நிற்காமல் சீராக நடந்தால் அடங்கியது, பாதிக்கு அருகில் தூங்கியும்விட்டன. தூங்கியதும் கீழே போட்டால், தாயின் உடம்பிலிருந்து பிரியும் அந்த நொடியில் சில விழித்தன. ஆகவே தூங்கிய பின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து பிறகு படுக்க வையுங்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லை. நடப்பது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, அப்பன்மார்கள் கவனிக்க.

மற்ற கேள்விகள்.

மாலையில் பால் போதவில்லையா? அடிக்கடி கேட்பது இயல்பு. நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், எடை ஏறினால் போதும், டின் பால் வேண்டாம்.

வசம்பு உரசிக் கொடுக்கலாமா? வேண்டாம், அதிலுள்ள அசரோன் எலிகளுக்குக் கட்டி வரவழைத்ததால் அமெரிக்கா 1968இலேயே உணவில் தடை செய்தது.

மூக்கில் எண்ணெய்? கூடவே கூடாது, நுரையீரலுக்குப் போகும்.

தூளி? ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்; தாடை நெஞ்சில் மடங்கக் கூடாது, இரவில் மல்லாக்க, சமதளத்தில்.

பொறுமை போய்விட்டால்? குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு வெளியே வாருங்கள். உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

எப்போது 108? காய்ச்சல் (ஊசி போட்ட அன்றும் மறுநாளும் வரும் இலேசான சூடு தவிர), பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், உப்பிய வயிறு, பால் குடிக்காமை, துவண்ட உடல், முனகலாகிப்போன அழுகை.

ஊசி அன்று குழந்தைக்கு வேறு உடல்நலக் குறைவு இருந்தால்? செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள். மாலை அழுகை மட்டும் என்றால் புதன்கிழமையே போட்டுவிடலாம்.