ஐந்து நட்சத்திரமும் ஐந்து லட்சமும்

செயலிக்கு நாலரை நட்சத்திரம், கோடிக்கணக்கில் பதிவிறக்கம். இதைப் பார்த்தே பலர் இன்று வங்கிக் கணக்கு தொடங்குகிறார்கள். ஆனால் இந்த எண்களின் யோக்கியதை 2023-லேயே சந்திக்கு வந்தது. பாங்க் ஆஃப் பரோடாவின் ‘பாப் வேர்ல்டு’ செயலியில் பதிவு எண்ணிக்கையைக் கூட்டிக்காட்ட, வாடிக்கையாளர் கணக்குகளில் யார் யாருடைய கைபேசி எண்களையோ ஊழியர்கள் இணைத்ததாக அந்த ஜூலையில் செய்தி வெளியானது. வங்கி மறுத்தது. அக்டோபரில், அந்தச் செயலியில் புதியவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2024 மே மாதம்தான் அது விலகியது.

நட்சத்திரம் போடுபவர் பெரும்பாலும் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த நாளில் போடுகிறார். மாட்டிக்கொண்ட பணத்தை வங்கி எப்படித் திருப்பித் தருகிறது என்பதுதான் என் அளவுகோல். அதற்கு விதிகளும் இருக்கின்றன.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை நீங்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வங்கி தானாகவே தர வேண்டும். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேரவில்லையென்றால் கெடு மறுநாள் வரைதான்.

திருட்டு வேறு கதை. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்துவிட்டால், தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குச் சொல்லுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி இழப்பு உங்களுடையதல்ல. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க நேரும். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்கள் தலையில். அதன்பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே அழையுங்கள்.

வங்கியே தடுமாறினால்? கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பரில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. சில நாட்களிலேயே அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டதால் டெபாசிட்தாரர்கள் தப்பினார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்காகவே பார்ப்பார்கள்.

மேலாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். விவரம் கேட்க 14448. இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.