அகதி முகாமில் ஊசியும் வதந்தியும்

2017 ஆகஸ்டு 25-க்குப் பின்னர், மியான்மார் நாட்டின் ராக்கைன் மாநிலத்தினின்று ரோஹிங்கியா மக்கள் உயிர் பிழைத்தால் போதுமென்று வங்காள தேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்திற்கு ஓடி வந்தனர். சில மாதங்களில் வந்து சேர்ந்தோர் 6 இலட்சத்திற்கும் மேல். குன்றுகளை வெட்டி, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு எழுப்பிய குடிசைகள். குடிநீர்க் குழாயருகே கழிப்பிடம். காலரா நுழைய வேறு வாசலும் வேண்டுமோ? 1994-இல் ருவாண்டா அகதிகள் கோமா நகரை அடைந்தபோது, காலராவும் சீதபேதியும் சில வாரங்களில் பல்லாயிரவரை வாரிச் சென்றன. இம்முறை நோய் பரவும்வரை எவரும் காத்திருக்கவில்லை. அக்டோபர் 10 அன்றே தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினர். ஊசியன்று, வாயில் ஊற்றும் மருந்து. முதல் சுற்றில் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் அதை அருந்தினர். அஞ்சிய பெருவாரி வரவில்லை.

வந்தது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா. நம் பாட்டிமார் அறிந்திருந்த, நம் இளந்தாய்மார் பலர் கண்டிராத நோய் அது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். ராக்கைனில் அம்மக்களுக்குத் தடுப்பூசி சரிவரக் கிட்டியதில்லை. ஆதலால் நவம்பரில் தலைகாட்டிய நோய் சிறுவர்களிடையே விரைந்து பரவியது. மாண்டோர் 40-க்கும் மேல். டிசம்பர் 12-இல் ஊசி போடும் பணி தொடங்கியது. நம் நாட்டுப் புனே நகரின் சீரம் நிறுவனம் 3 இலட்சம் டோஸ் மருந்தை நன்கொடையாக அளித்தது.

மருந்து வந்தாயிற்று, பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் பலர் தயங்கினர். ஊசி போட்டுக்கொண்டால் பிள்ளை கிறிஸ்தவனாகிவிடுவான் என்றொரு வதந்தி! நமக்குச் சிரிப்பு வரலாம். சற்றே பொறுப்போம். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அவர்கள். சீருடையணிந்து வந்தவர்களால் ஊரையே இழந்தவர்கள். ஊசியோடு வரும் அந்நியரை அவர்கள் எங்ஙனம் நம்புவார்கள்? திருமறையை வலிந்து புகுத்துவார்கள் என்னும் அச்சம் இன்னொரு சமயத்தாரின் உள்ளத்தில் இருப்பதை அறியும்போது, நமக்கு வேதனையே மிஞ்சுகிறது.

வாதாடிப் பயனில்லை என்பதைப் பணியாளர் உணர்ந்தனர். பள்ளிவாசல் இமாம்களையும், மாஜி எனப்படும் முகாம் தலைவர்களையும் நாடினர். ஆடவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளப் பெண்கள் கூசினர். அதற்குப் பெண் பணியாளர் தேவைப்பட்டனர். 2018 மார்ச்சுக்குள் மூன்று சுற்றுகள் நிறைவுற்றன. நோய் உடனே ஒழிந்துவிடவில்லை. அதன் பின்னரும் ஆங்காங்கே தோன்றியது. ஆயினும் அந்த முதல் குளிர்காலத்தில் கண்ட வேகம் அதற்கு மீண்டும் வரவில்லை.